தடாவில் ஒரு வேப்பமரத்து மேஜை

விஜயவாடாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் சங்கத்துப் பொங்கல் விழா என்றால் எனக்கு ஒதுக்கப்படும் வேலை பந்தல் கம்பு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான். மேடையில் பேசச் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. இப்போது மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "ஊரில் ஏதோ மேஜை செய்தீர்களாமே, அதைப் பற்றி எழுதுங்கள்" என்கிறார். ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அறிக்கை எழுதிய கை இது. கதை போல எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மரவேலையில் ஆசை உள்ளவர்களுக்கு உதவும். இல்லாதவர்கள் அளவுகளைத் தாண்டிப் படிக்கலாம்.

முதலில் ஊர். சென்னையிலிருந்து வடக்கே கூடூர் மார்க்கத்தில் போகும் ரயிலில் ஆரம்பாக்கம் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த ஸ்டேஷன் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே வரதய்யபாளையம் வழியாக ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகும் சாலை. என் தாத்தா காலத்தில் எங்கள் ஊர் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஆந்திராவில் சேர்ந்தோம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டுச் சுவர் ஓர் அங்குலம் நகரவில்லை. மாநிலமும் மாறியது, மாவட்டமும் மாறியது. வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

புயலில் சாய்ந்த மரம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தாத்தா காலத்து வேப்பமரம் ஒன்று இருந்தது. அம்மா காய்கறி நறுக்குவதும், வடாம் காயப் போட்டுக் காக்கை விரட்டுவதும், மத்தியானம் கண் அயர்வதும் அதன் நிழலில்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தது நினைவிருக்கும். அன்று மாலை மரம் வேரோடு சாய்ந்தது. நல்ல வேளையாக வீட்டின் மேல் விழவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் நாற்காலியைத் திண்ணைக்கு மாற்றிப் போடச் சொன்னாள், அவ்வளவுதான்.

விறகு வியாபாரி வந்து விலை பேசினார். அக்கா சேலத்தில், தம்பி துபாயில், நான் விஜயவாடாவில். "வித்துடலாம் அண்ணா, அதை வச்சு என்ன பண்ணப்போறோம்?" என்றான் தம்பி. கிளைகளை விற்றோம். அடிமரத்தையும் இரண்டு பெரிய கிளைகளையும் மட்டும் எனக்கு விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது.

வேம்பை நம்மவர்கள் விறகாகவும் மருந்தாகவும் பார்த்துப் பழகிவிட்டார்கள். அது நல்ல தச்சு மரம். பூரி ஜகந்நாதர் கோயில் மூர்த்திகள் வேப்பமரத்தால் ஆனவை. கடைசியாக 2015-ல் நவகளேபரம் என்ற சடங்கில் புதிதாகச் செய்து வைத்தார்கள். நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களிலும் வேம்பு உண்டு. 2020-ல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி செய்ய ஆகும் மரம் சாப்பாட்டு மேஜைக்கு ஆகாதா?

ஸ்லீப்பர் கட்டை கற்றுக் கொடுத்தது

நான் சிவில் டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் சேர்ந்தேன். அப்போது பல இடங்களில் மர ஸ்லீப்பர்கள்தான். பிராட்கேஜ் கட்டை என்றால் 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல கனம். தேக்கு, சால், தேவதாரு என்று பலவகை. என் உத்தியோக காலத்தில்தான் அவற்றை எடுத்துவிட்டு கான்கிரீட் ஸ்லீப்பர்கள் போட்டு முடித்தோம். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டைகளிடம் படித்ததுதான்.

அவை சொல்லிக் கொடுத்த முதல் பாடம், மரம் முனையில்தான் முதலில் வெடிக்கும் என்பது. ஈரம் பக்கங்களை விட வெட்டுமுனை வழியாகப் பலமடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை சுருங்குகிறது, நடு சுருங்கவில்லை; இழுபறியில் பிளவு விழுகிறது. அதனால் ஸ்லீப்பர் முனைகளில் இரும்புப் பட்டை கட்டுவார்கள், அல்லது "எஸ்" எழுத்து வடிவக் கொக்கியை அடித்து இறக்குவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கி முரட்டு அழகுடன் மேஜை செய்வது பல நாடுகளில் நாகரிகமாகிவிட்டது. உங்கள் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். பல கட்டைகள் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றப்பட்டவை. கறையானுக்கு நஞ்சாவது நமக்கும் நல்லதல்ல. தோலில் பட்டால் எரியும், வெயிலில் கசியும், இழைத்தால் தூளாய் மூச்சில் போகும். வீட்டுக்குள் வைப்பதற்கும், அதன் மேல் சாப்பிடுவதற்கும் அது தகாது. கருத்த நிறமும் தார் வாடையும் இருந்தால் தொடாதீர்கள்.

இரண்டு வருஷம் காத்திருந்தது

2017 பிப்ரவரியில் அடிமரத்தைச் சூலூர்பேட்டைப் பக்கம் மரம் அறுக்கும் மில்லுக்குக் கொண்டு போனோம். எட்டடி நீளம், ஆறரை அடி சுற்றளவு. 2 அங்குல கனத்தில் பலகைகளாக அறுத்தேன். கிளைகளைக் கால்களுக்காக 4 அங்குலச் சதுரமாக எடுத்தேன்.

பச்சை மரத்தில் வேலை செய்யக்கூடாது. அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இரண்டு அங்குலம் என்றால் இரண்டு வருஷம். பின்கட்டுக் கொட்டகையில் நிழலாக, காற்றோட்டமாக அடுக்கினேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டடிக்கு ஒன்றாக முக்கால் அங்குலச் சட்டங்கள். அவை மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முனைகளுக்கெல்லாம் பெயின்ட். மேலே பாரத்துக்குப் பழைய கருங்கல்.

மரம் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. அதே பலகையிலிருந்து ஓரடித் துண்டு ஒன்றை எடுத்து, மாதம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வந்தேன். ஊருக்கு வராத மாதங்களில் அம்மாவே பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிட்டுப் போனில் சொல்வாள். தொடக்கத்தில் 3 கிலோ 600 கிராம். இரண்டு வருஷ முடிவில் 2 கிலோ 650. மூன்று மாதம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் மரம் ஊர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

இதில் நான் ஒரு தவறும் செய்தேன். ஆறாவது மாதமே அவசரப்பட்டு ஒரு பலகையில் பெஞ்சு போட்டேன். மூன்றே மாதத்தில் அது படகு மாதிரி வளைந்துவிட்டது. அம்மா அதில் வடாம் காயப் போட்டாள். "குழியா இருக்கறதும் நல்லதுதான், காத்துல பறக்கலை" என்றாள்.

2018-ல் ஓய்வு பெற்று ஊருக்கே வந்தேன். 2019-ல் அம்மா காலமானாள். காரியங்கள் முடிந்த மறுநாளே வீட்டுப் பேச்சு வந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை 2008-ல் வந்த பிறகு எங்கள் பக்கம் மனை விலை ஏறிவிட்டது. "வீட்டை வித்து மூணு பங்கா பிரிச்சுக்கலாம்" என்றான் தம்பி. அவனுக்கு மகளின் படிப்புச் செலவு, கடன். அவன் கேட்டது நியாயந்தான். ஆனால் அன்று அது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு வார்த்தை கூடவே பேசிவிட்டேன். அதன் பிறகு பதினோரு மாதம் நாங்கள் போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பதினோரு மாதத்தில்தான் மேஜை வேலை தொடங்கியது.

ஆப்பு வைத்த வடிவம்

வரைபடம் போட உட்கார்ந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இந்த மேஜை எந்த வீட்டில் இருக்கப் போகிறது? இந்த வீடு விற்றுப் போனால்? ஆகவே ஆணியோ திருகோ போட்டு நிரந்தரமாக இறுக்கக் கூடாது, கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வழி காட்டியது மறுபடியும் தண்டவாளம்தான். சி.எஸ்.டி.-9 என்று ஒரு வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் நம் ரயில்வேயில் நிறைய இருந்தது. இரண்டு பக்கத் தட்டுகளையும் ஓர் இரும்புச் சட்டம் இணைக்கும். அந்தச் சட்டத்தைப் பிடித்திருப்பது காட்டர் எனப்படும் ஆப்புகள். தண்டவாளத்தைப் பிடித்திருப்பதும் கீ என்ற ஆப்புத்தான். தளர்ந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. அதற்கென்றே கீமேன் தினமும் பாதை நெடுக நடப்பார்.

அதே ஏற்பாட்டை மேஜையில் வைத்தேன். இரண்டு பக்கமும் இரண்டு கால் சட்டகங்கள். நடுவே ஒரு நீளச் சட்டம் இரண்டு சட்டகங்களையும் துளைத்துக்கொண்டு வெளியே நான்கு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டத்தில் ஒரு துளை. துளையில் எட்டுக்கு ஒன்று சரிவுள்ள ஆப்பு. தட்டினால் இறுகும், கீழிருந்து தட்டினால் கழன்றுவிடும். கால் சட்டகங்களுக்குள் மட்டும் கழுந்தும் துளையும் வைத்து மூங்கில் ஆணி அடித்தோம். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் அந்த வேலைக்கு வந்தார். ஒரு துளையில் நான் உளி பிடித்ததைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கணக்குப் போடுங்க, உளியை நான் பார்த்துக்கறேன்" என்றார். இரண்டு மாதம் கழித்துத்தான் உளியைத் திருப்பிக் கொடுத்தார்.

மேஜையின் அளவு 6 அடி நீளம், ஏறக்குறைய 3 அடி அகலம், 30 அங்குல உயரம். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 24 அங்குலம் வேண்டும். ஆக, ஆறு பேருக்குத் தாராளம். மேல்பலகை இழைத்தபின் ஒன்றே முக்கால் அங்குல கனம். நான்கு பலகைகளை ஒட்டி அமைத்தது. வெளிப்புற இரண்டு பலகைகளின் ஓரத்தை நேராக வெட்டாமல், பட்டையை மட்டும் உரித்து, மரத்தின் வளைவை அப்படியே விட்டேன். அதனால்தான் பார்க்க முரட்டு மேஜையாகத் தெரியும். மேல்பலகை மட்டும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது.

மேல்பலகையைச் சட்டகத்தோடு சேர்ப்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். தண்டவாளத்தில் 13 மீட்டர் ரயிலுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறோம்? 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு அந்த இரும்பு சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இடம் விடாவிட்டால் பாதை வளையும். மரமும் அப்படித்தான், ஆனால் இரண்டு வேறுபாடுகள். அது வெப்பத்தால் அல்ல, காற்றின் ஈரத்தால் மாறும். நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். மூன்றடி அகல மேஜை ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே கால் அங்குலம் வரை ஏறி இறங்கலாம். ஆகவே திருகுத் துளைகளை வட்டமாகப் போடாமல் அகலவாக்கில் நீண்ட துளைகளாகப் போட வேண்டும். என் மேஜையில் இறுக்கும் திருகுகள் எட்டு. நடுவில் உள்ள இரண்டு மட்டும் வட்டத் துளை, மற்றவை நீளத் துளை.

ஒரு பலகையின் முனையில் ஒன்பது அங்குலத்துக்கு வெடிப்பு இருந்தது. அந்தப் பலகையை ஒதுக்க மனம் வரவில்லை. ஸ்லீப்பர் "எஸ்" கொக்கியை நினைத்துக்கொண்டு, வெடிப்பின் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவத்தில் மூன்று ஈட்டி மரத் துண்டுகளைப் பதித்தேன். இரண்டு இறக்கையும் அகலம், இடுப்பு குறுகல். அதனால் வெடிப்பு மேலும் வாய் பிளக்க முடியாது.

செம்மரம் வேண்டாம்

மேஜை நடுவில் ஏதாவது பதிக்க வேண்டும் என்ற ஆசை மைசூரில் வந்தது. அங்கே அரண்மனையின் அம்பா விலாச மண்டபத்தில் ஈட்டி மரக் கதவில் தந்தம் பதித்த வேலை இருக்கிறது. 1986-ல் இந்திய யானைத் தந்த வணிகமும், பிறகு 1991-ல் ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் தடை செய்யப்பட்டன. இன்று மைசூர் கைவினைஞர்கள் பல நிற மரங்களையே பதிக்கிறார்கள். அந்த வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்கு ஈட்டியும் கருங்காலியும் என்று மரத்தின் இயற்கை நிறமே அவர்களுக்கு வண்ணம்.

என்ன பதிப்பது என்பதில் சந்தேகமே இல்லை. தடாவில் பிறந்தவனுக்குப் பூநாரைதான். குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரியில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வெள்ளை உடல், சிவந்த இறக்கை, இறக்கை ஓரத்தில் கறுப்பு. மூன்று நிறம் போதும். வெள்ளைக்கு வெப்பாலை மரம். சென்னபட்டணத்துப் பொம்மைகளும் நம் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் அதில்தான் கடைகிறார்கள். கறுப்புக்கு மைசூரில் வாங்கிய ஈட்டித் துண்டுகள். சிவப்புக்கு?

டீக்கடையில் பேச்சு வாக்கில் இதைச் சொன்னபோது ஒருவர் காதோடு சொன்னார்: "செம்மரத் துண்டு ஒண்ணு இருக்குது சார். கையகலந்தானே, யாருக்குத் தெரியப்போவுது?"

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். கடப்பை, திருப்பதி, நெல்லூர்ப் பக்கத்து மலைகள். சீனாவில் மேஜை நாற்காலிக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற இசைக்கருவிக்கும் அதற்குக் கிராக்கி. அந்தக் கிராக்கியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு மரம் வெட்ட வந்தவர்கள். அது மோதல்தானா என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்பினரும் கேட்ட கேள்வி பெரிய வழக்கானது. மரம் வாங்கியவர்கள் யாரும் அந்தக் காட்டில் இல்லை. கையகலத் துண்டை வாங்கினாலும் நான் அந்த வாங்கியவர்கள் வரிசையில்தான் நிற்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சென்னை மரக்கடை ஒன்றில் பில் போட்டு அந்தமான் படாக் துண்டு வாங்கினேன். அதுவும் செம்மரத்தின் உறவுக்காரன்தான், நல்ல சிவப்பு. வெயிலில் நாளடைவில் பழுப்பேறும். ஏறட்டும்.

பதித்த விதம்

செய்ய விரும்புகிறவர்களுக்காக முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படத்தை முழு அளவில் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, இரண்டு நகல் எடுக்க வேண்டும். ஒன்று வெட்டுவதற்கு, ஒன்று அடுக்கிப் பார்ப்பதற்கு. என் படம் 14 அங்குல நீளம், 7 அங்குல அகலம். ஒரே பலகைக்குள் அடங்கும்படி வைத்தேன். இரண்டு பலகை சேரும் இடத்தில் பதித்தால் இணைப்பு அசையும்போது படமும் விரிசல் விடும்.

4 மில்லிமீட்டர் கனத் துண்டுகளின் மேல் காகிதத்தை ஒட்டி, மெல்லிய அலகு கொண்ட வில் ரம்பத்தால் வெட்ட வேண்டும். ரம்பத்தை மிகச் சிறிது சாய்த்துப் பிடித்தால் துண்டின் அடிப்பக்கம் குறுகி, மேல்பக்கம் அகன்றிருக்கும். பள்ளத்தில் இறக்கும்போது தக்கை மாதிரி இறுகும்.

துண்டுகளை மேஜை மேல் வைத்து, பென்சிலால் அல்ல, கூரான கத்தி முனையால் சுற்றிக் கோடு கீற வேண்டும். பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் கனம் உண்டு. அந்த அரை மில்லிமீட்டர் பிறகு கறுப்புச் சந்தாகத் தெரியும். கீறிய கோட்டுக்குள் 3 மில்லிமீட்டர் ஆழம் உளியால் எடுத்து, பசை தடவி இறக்கி, பாரம் வைக்க வேண்டும். நான் வைத்த பாரம் அம்மாவின் அம்மிக்கல். அதைவிடச் சமமான அடிப்பாகம் உள்ள கனமான பொருள் வீட்டில் வேறில்லை.

மறுநாள் துண்டுகள் ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கி நிற்கும். அதைச் சமப்படுத்தும்போதுதான் அடிபட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் படாக்கின் சிவப்புத் தூள் வெப்பாலையின் வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. ஒரு பறவையின் கழுத்து மஞ்சள் குங்குமம் பூசியது போலாயிற்று. அந்தக் கழுத்தை உளியால் பெயர்த்தெடுத்து மறுபடி வெட்டிப் பதித்தேன். இரண்டாம் முறை, முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெலிதாகப் பூசிக் காயவிட்டு, உப்புத்தாளுக்குப் பதில் தட்டையான இரும்புத் தகட்டால் சுரண்டிச் சமப்படுத்தினேன். தூள் ஒட்டவில்லை.

இறகுகளைச் செதுக்குவது கடைசி வேலை. அதற்கு ஸ்ரீகாளஹஸ்தி போய், ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ள மாதவமாலா கிராமத்துக்குப் போனேன். பரம்பரையாக மரத்தில் சாமி செதுக்குகிறவர்கள் இருக்கும் ஊர். ஒரு பெரியவர் என் பூநாரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லா இறகையும் செதுக்காதீங்க. மூணு இறகு சரியா இருந்தா மீதியைக் கண்ணே போட்டுக்கும்" என்று தெலுங்கில் சொன்னார். உளியை நரம்போட்டத்தின் திசையில் எப்படிச் சாய்ப்பது என்று அரை நாள் காட்டிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒரு சிறிய பிள்ளையாரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேல்பூச்சுக்கு அரக்கு பாலிஷ் வேண்டாம். சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆளி விதை எண்ணெயை நான்கு முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, கடைசியில் தேன்மெழுகு தேய்த்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப் போட வேண்டும்.

2020 ஊரடங்கு மாதங்கள் எனக்கு வேலை நாட்களாயின. அந்த நாட்களில் ஒரு மாலை தம்பியே போன் செய்தான். துபாயில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தான். "என்ன அண்ணா பண்றே?" என்றான். "கழுத்து ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்றேன். முதலில் புரியாமல் பதறிவிட்டான். விளக்கியதும் வெகுநேரம் சிரித்தான். வீட்டைப் பற்றி அன்று இருவரும் பேசவில்லை.

ஆறு இலை

2023 பொங்கலுக்கு அக்காவும் தம்பி குடும்பமும் வந்தார்கள். மேஜையில் ஆறு இலை போட்டோம். அக்கா இலையை நகர்த்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள். மூன்று பூநாரைகள். இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, ஒன்று தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்கிறது.

"தலையைக் கவுத்துக்கிட்டிருக்கிறது யாருடா?" என்றாள்.

"அது அண்ணன்தான். அவர்தானே பதினோரு மாசம் தலையைத் தூக்காம இருந்தார்" என்றான் தம்பி.

நான் மறுக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு தம்பி மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தான். வெடிப்பில் பதித்த பட்டாம்பூச்சித் துண்டுகளைத் தடவினான். பிறகு ஆப்பைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டான்.

"கழற்றுவதற்கு. வீட்டை வித்தால் எங்கேயாவது கொண்டு போகணுமே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கழட்டிக் காட்டு" என்றான். மரச் சுத்தியலைக் கொண்டுவந்தேன். எட்டுத் திருகு, இரண்டு ஆப்பு. இருபது நிமிடத்தில் மேஜை நான்கு துண்டுகளாகக் கூடத்தில் கிடந்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "துபாய் லிஃப்ட்டுல போகுமா?" என்று கேட்டான். பலகையைச் சாய்த்து நிறுத்தினால் போகும் என்று கணக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "சரி, திரும்ப மாட்டு. ராத்திரி சாப்பிடணும்ல" என்றான். ஆப்பை அவனே தட்டினான். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டான்.

வீட்டைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மகள் படிப்பு முடியட்டும், அதற்குள் அவசரமில்லை என்று அவன் சொல்கிறான். அக்காவுக்கு முழங்கால் வலி. படி இல்லாத இந்த வீடு அவளுக்குப் பிடித்திருக்கிறது. என்ன முடிவானாலும் மூவரும் உட்கார்ந்து பேச ஒரு மேஜை இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் வீட்டை இடிக்கிறார்கள், மரத்தை வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால் பணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பலகை, ஒரு நிலைச் சட்டம், ஒரு கிளை கேளுங்கள். முனைக்குப் பெயின்ட் அடித்து நிழலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். என்ன செய்வது என்று இரண்டு வருஷம் கழித்து யோசித்துக்கொள்ளலாம். மரம் காத்திருக்கும்.

இப்போது கோடை வந்தால் ஆப்பு கொஞ்சம் தளர்கிறது. காலையில் காபி குடித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறேன். இன்ஸ்பெக்டராகத் தொடங்கிய உத்தியோகம் கீமேனாக முடிந்திருக்கிறது. சம்பளம் இல்லை; குறையும் இல்லை.